கொப்பரையின் உயரம்

மாதவியால் எந்த வகுப்பிலும் ஆடாமல் உட்கார முடியாது. கால் ஆடிக்கொண்டே இருக்கும், பேனா மூடி பல்லுக்கிடையில் இருக்கும், கேள்வி முடிவதற்குள் விடையை எழுதி அடிக்கோடும் போட்டிருப்பாள். கிள்ளானில் பள்ளியில் படித்த காலத்தில் அந்த வேகத்துக்கு எல்லாரும் கைதட்டினார்கள். சுபாங் ஜெயாவில் பொறியியல் முதலாண்டு சேர்ந்த பிறகு ஒரே ஒரு பாடம்தான் அவளைப் படுத்தியது. அது வடிவமைப்பின் அடிப்படைகள்.

பாடம் எடுத்த டாக்டர் ஃபரீதா முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். இரண்டு பேராகச் சேர்ந்து, நிஜமான ஒரு மனிதரின் சிரமத்தைக் கண்டுபிடித்து, அதைக் குறைக்கும் பொருள் ஒன்றைச் செய்ய வேண்டும். பதினான்கு வாரம். முதல் நான்கு வாரம் எதையும் வரையக் கூடாது, பார்க்கவும் கேட்கவும் மட்டும்தான். நான்கு வாரம் சும்மா இருப்பதா என்று மாதவிக்கு உடம்பெல்லாம் அரித்தது.

அவளோடு சேர்ந்தவன் சுங்கை பூலோவிலிருந்து வரும் பிரையன். பட்டறை வேலையில் கெட்டிக்காரன், பேச்சு குறைவு. மதிப்பெண் இறங்கினால் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்ற பயம் மட்டும் எப்போதும் உண்டு.

மாதவி தேர்ந்தெடுத்த ஆள் சீதாலெட்சுமி ஆன்டி. கிள்ளான் சிம்பாங் லீமாவில் இடியாப்பக் கடை வைத்திருப்பவர். மாதவியின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பசியாறல் அவர் கடையிலிருந்துதான். என்ன சிரமம் என்று கேட்டதற்கு ஆன்டி மாவைப் பிசைந்தபடியே, “கை வலிதாம்மா, உயிர் போகுது” என்றார். மாதவிக்கு அது போதும். திரும்பி வரும் புறநகர் கம்யூட்டர் ரயில் ஷா ஆலாமைத் தாண்டுவதற்குள் மோட்டார் வைத்த இடியாப்ப அச்சு ஒன்றை வரைந்து முடித்துவிட்டாள். ஆன்டியிடம் கேட்டு நிரப்ப டாக்டர் ஃபரீதா கொடுத்திருந்த கேள்வித்தாளில் இன்னும் ஒன்பது கேள்விகள் பாக்கி இருந்தன. ஆன்டி என்ன சொல்லியிருப்பார் என்று யூகித்து அவளே பதில் எழுதினாள். கீழே தன் பெயரையும் பிரையன் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

எட்டாவது வாரம் அச்சு ஓடியது. மாவு நூல் நூலாக இறங்கியபோது பட்டறையிலிருந்த அத்தனை பேரும் ஓடிவந்து படம் எடுத்தார்கள். ஒன்பதாவது வாரம் அதைக் கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆன்டியும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மாதவி சொல்லாமல் போய் நின்றாள். இயந்திரம் மேசைக்கடியில் அரிசிச் சாக்கால் மூடிக் கிடந்தது. ஆன்டி பழைய அச்சிலேயே பிழிந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. இயந்திரத்தில் குறை இல்லை, தனக்குத்தான் பழகவில்லை என்று ஏதேதோ சொன்னார். மாதவிக்கு முகம் சுட்டது. அப்போதே திரும்பியிருப்பாள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. குடையும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள்.

வேறு வேலை இல்லாததால் பார்த்தாள். பிழியும்போது ஆன்டி முகம் சுளிக்கவே இல்லை. அச்சைத் தட்டின்மேல் வைத்து உடம்பு எடையோடு ஒரு அழுத்து, அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் திரும்பும்போதுதான் எல்லாம் மாறியது. உயரமான இரும்பு மேசைமேல் அடுப்பு, அதன்மேல் ஆவி பறக்கும் கொப்பரை, அதற்குள் அடுக்குத் தட்டுகள். மேல்தட்டை எடுக்க ஆன்டி நுனிக்காலில் நின்று, முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கி, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தார்.

“ஆன்டி, கை வலின்னு சொன்னீங்களே, கையில எந்த எடம்?”

ஆன்டி வலது தோளைத் தொட்டுக் காட்டினார். “இங்கருந்து முழங்கை வரைக்கும். கை வலின்னு அன்னிக்கே சொன்னேனேம்மா.”

சொல்லித்தான் இருந்தார். கை என்றதும் மணிக்கட்டு என்று எடுத்துக்கொண்டது மாதவி.

மறுநாள் பட்டறையில் பிரையனிடம் சொன்னாள். அச்சு வேண்டாம், அடுப்பை இறக்கி வைக்க ஒரு தாழ்வான நிலை, ஸ்டாண்ட் மாதிரி, செய்தால் போதும் என்றாள். பத்தாவது வாரத்தில் இப்படி வந்து நிற்கிறாயே என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கேள்வித்தாளில் எல்லாம் எழுதியிருந்ததே, அப்போது தெரியவில்லையா என்று கேட்டான். அவள் உண்மையைச் சொன்னாள்.

அவன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான். பிறகு, “அந்த ஃபார்ம்ல என் பேரும் இருக்கு, மாதவி” என்றான்.

இரண்டு நாள் அவன் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் இரும்புச் சட்டங்களோடு வந்தான். இருவரும் வெட்டிப் பற்றவைத்தார்கள். கொப்பரையில் தண்ணீர் நிரப்பி ஆட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் சொன்னான். மாதவிக்குப் பொறுக்கவில்லை. போன ஒன்பது வாரமும் முதுகுக்குப் பின்னால் துரத்துவதுபோல இருந்தது. சனிக்கிழமை அவனிடம் சொல்லாமல் நிலையைக் கிராப் வாடகைக் காரில் ஏற்றிக் கடைக்குப் போய்விட்டாள்.

முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாவது ஈட்டில் ஆன்டி மேல்தட்டை ஒரு பக்கமாக இழுத்தார். கொப்பரை சாய்ந்தது. குனிந்து நிலையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதவியின் இடது பாதத்தில் வெந்நீர் கொட்டியது. ஆன்டி கேஸை மூடிவிட்டு, அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வைதுகொண்டே அழுதார். கிளினிக்கில் பாதத்தைக் கட்டும்போது மாதவிக்கு எரிச்சலைவிட ஒரு நினைப்புதான் அதிகமாகக் குத்தியது. அந்தப் பக்கம் ஆன்டி நின்றிருந்தால்?

பிரையன் கிளினிக்குக்கு வந்தான். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு வாரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரத்தான் வேண்டியிருந்தது. மனம் கூண்டில் போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. ஆனாலும் கணக்குப் போட்டாள். நிரம்பிய கொப்பரையின் எடை, அது எந்தக் கோணத்தில் கவிழும், கால்கள் எவ்வளவு அகல வேண்டும் என்று ஒவ்வொன்றாக. பிரையன் கால்களை வெளியே சாய்த்து, கொப்பரை நகராமலிருக்க மேலே ஒரு இரும்பு வளையம் பற்றவைத்தான். பச்சைத் தண்ணீர் நிரப்பி, நாலு பக்கமும் முப்பது முப்பது தடவை இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க ஆன்டியையே பட்டறைக்கு வரச் சொன்னார்கள். அவர் தன் உயரத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னார். இறக்கினார்கள்.

பதினான்காவது வாரம் விளக்கவுரை. வெளியிலிருந்து வந்த ஒரு பொறியாளர் நிலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு அடுப்பு நிலைதானா என்று கேட்டார். பிரையன் எடையையும் கோணத்தையும் விளக்கினான். வெந்நீர் கொட்டியதையும் மறைக்கவில்லை. ஒன்பது பதில்களைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அது மாதவி சொல்ல வேண்டியது.

“கேள்வித்தாளில் முதல் பதில் மட்டும்தான் அவங்க சொன்னது. மீதியை நானே எழுதினேன். பிரையனுக்குத் தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் ஃபரீதா குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

கேள்வித்தாள் பகுதிக்கு மாதவிக்குப் பூஜ்யம். மொத்தத்தில் தட்டுத்தடுமாறித் தேறினாள். பிரையனின் மதிப்பெண்ணில் கைவைக்கவில்லை, ஸ்காலர்ஷிப் தங்கியது. ஆன்டியின் தோள்வலி பாதி குறைந்தது, பாதி இருக்கிறது.

அடுத்த செமஸ்டரில் வேறு ஆளோடு சேர்ந்துகொள்ளப் போகிறேன் என்று பிரையன் ரயில் நிலையத்தில் நேருக்கு நேராகவே சொன்னான். மாதவி ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றாள். அவன் ரயில் ஏறும்வரை கூடவே நின்றாள்.