டொக்டரின் பிடரிக்குக் குடிபோன கட்டி

வெள்ளவத்தைக் கிருஷ்ணராஜின் பிடரியில் இருபத்தாறு வருடம் இருந்த கொழுப்புக் கட்டி, வெட்டி எடுக்கப்பட்ட ஐந்தாம் நாள் காலை ஆறேகாலுக்கு, அதை வெட்டிய டொக்டர் ஸவாஹிரின் பிடரியில் இருந்தது. நீளம் நாலு சென்ரிமீற்றர், அகலம் மூன்று, இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, புள்ளியில் மூன்று மயிர். அன்று கடலோர ரயில் பதினொரு நிமிடம் பிந்தி வந்தது. மற்றப்படி விசேஷம் எதுவும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயதுக் கிருஷ்ணராஜ் காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். கலியாணம் முடித்த வருடம் கட்டி மிளகளவு இருந்தது, மகள் பிறந்தபோது புளியங்கொட்டை, மகள் கனடா போனபோது பாதித் தேசிக்காய். முடி வெட்டுகிறவர் அதற்குப் பழகிப்போய், பஸ் வட்டச்சந்தியைச் சுற்றுவது போல மெஷினைச் சுற்றிக் கொண்டுபோவார். மனைவி யோகேஸ்வரி கலியாணமான முதல் கிழமையிலேயே அதில் வலது பெருவிரலை வைத்துத் தூங்கப் பழகிவிட்டாள். அவள் விரலை வைத்தால் அவருக்கும் உடனே நித்திரை வந்துவிடும், லைற்றை அணைத்தது மாதிரி. இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. அது வீட்டுக்குள் நடக்கிற காரியம், கதைக்க என்ன இருக்கிறது? ஆனால் கட்டி கொலரை முட்டத் தொடங்கியதும் கிருஷ்ணராஜுக்குப் பயம் வந்தது. அவருடைய தமையனுக்கும் ஒரு கட்டிதான் வந்தது, வயிற்றுக்குள். ஒன்பது மாதத்தில் ஆள் இல்லை.

டொக்டர் ஸவாஹிர் கட்டியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, தோலுக்குக் கீழே வழுக்கி ஓடுகிறது, ஆகவே ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்பு என்றார். ஊதா நிறப் பேனையால் அதைச் சுற்றி ஒரு முட்டை வரைந்தார். விறைப்பு ஊசி போட்டு, இருபத்தைந்து நிமிடத்தில் எடுத்து, ஏழு தையல் போட்டார். எடுத்ததை ஒரு சிறிய போத்தலில் மருந்துத் தண்ணீருக்குள் மிதக்கவிட்டு, பேர் எழுதி ஒட்டி, யோகேஸ்வரியின் கையில் கொடுத்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கிற லாப்பில் பரிசோதிக்க நோயாளியின் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் இந்த ஊர் வழக்கம்.

"ஒண்டும் இல்லையெண்டு சொன்னியள், பிறகேன் டொக்டர் ரெஸ்ற்?" என்று கேட்டாள்.

"நான் செல்லி வேலயில்ல. பேப்பர் செல்லணும்" என்றார் டொக்டர்.

அன்று செவ்வாய்க்கிழமை. யோகேஸ்வரி புருஷனைத் தங்கள் தொடர்மாடி வீட்டில் படுக்க வைத்துவிட்டு, போத்தலை ஒரு சொப்பிங் பையில் போட்டு, மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள். கூட்டமாக இருந்தபடியால், குருமாருக்கென்று ஒதுக்கிய முன் சீற் காலியாகக் கிடக்கக் கண்டு அதில் இருந்தாள். பொரளை தாண்டியதும் ஒரு பிக்கு ஏறினார். யோகேஸ்வரி துள்ளி எழும்பினாள், எழும்பின வேகத்தில் பின்னால் போய்ச் சனத்துக்குள் நின்றாள். பிக்கு அமைதியாக இருந்தார். பை அவருக்குப் பக்கத்தில் அமைதியாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கி, பஸ் போய், அதன் புகையும் போன பிறகுதான் தன்னுடைய இரண்டு கையும் வெறுங்கை என்று அவளுக்குத் தெரிந்தது.

வேறு ஆளென்றால் பஸ் டிப்போவுக்குப் போயிருக்கும். யோகேஸ்வரி கொச்சிக்கடைக் கோயிலுக்கு, அந்தோனியாரிடம் போனாள். தொலைந்ததைத் தேடித் தருவதில் அவர் கெட்டிக்காரர், அதுவும் செவ்வாயில். சைவக்காரி வந்து கேட்டாலும் அவர் சாதி சமயம் பார்ப்பதில்லை. வாசலில் பை சோதிக்கிற காவலாளி, பை எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். "அதுதானே தம்பி பிரச்சினையே" என்று அவள் தமிழில் அழுதாள். அவன் விலகி வழிவிட்டான். ஒரு மெழுகுதிரி கொளுத்தி, மிகவும் கவனமாக, சொல் சொல்லாக இப்படி மன்றாடினாள்: "அந்தோனியாரே, கட்டி எங்கயாவது குப்பையில கிடந்து பழுதாப் போகக்கூடாது. விஷயம் தெரிஞ்ச ஆளாப் பார்த்து, அவரிட்டப் பத்திரமாச் சேர்த்துவிடும்."

செவ்வாய்க்கிழமை விண்ணப்பங்கள் அதிகம். நாலு நாள் பிடித்தது.

அந்த நாலு நாளும் யோகேஸ்வரி, ரிப்போர்ட் பிந்துகிறது என்று பொய் சொன்னாள். கிருஷ்ணராஜ் அந்தப் பிந்தலை வேறு விதமாக விளங்கிக்கொண்டார். நல்ல செய்தியென்றால் ஏன் பிந்தப்போகிறது? புதனன்று காணி உறுதி இருக்கிற பெட்டியைத் திறந்து காட்டினார். வியாழனன்று தன்னுடைய சேட்டுகள் எல்லாவற்றையும் சேலை மடிப்பதுபோல மடித்து அடுக்கினார். வெள்ளியன்று, "இஞ்சேரும், நான் இல்லாட்டி நீர் மகளிட்டப் போம், ஆனா குளிருக்கு முதல் போகாதையும்" என்றார். சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு சங்கதியும் இருந்தது, அதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை: நாலு நாளாக அவர் ஒரு கண் மூடவில்லை. தையல் போட்ட இடத்தில் யோகேஸ்வரியின் விரலுக்கு இடம் இல்லை. அவளும் விரலை மடக்கி வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள்.

சனிக்கிழமை காலை தெஹிவளையில் டொக்டர் ஸவாஹிர் சேட் போட்டபோது கொலர் பூட்டவில்லை. மனைவி பைறோஸா இழுத்துப் பூட்ட வந்தவள், வீரிட்டுக் கத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்து டொக்டர் பார்த்தார். பார்த்ததும் குளியலறைத் தரையில் இருந்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் மூவாயிரம் கட்டிகள் வெட்டியவருக்கு ஒரு கட்டி வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு முட்டை வரைந்திருந்தது. அது அவருடைய கைதான். முட்டையின் ஒரு மூலை எப்போதும் கொஞ்சம் கோணும். இடது ஓரத்துக் கறுப்புப் புள்ளியும் மூன்று மயிரும் செவ்வாயன்று வெட்டிய கிருஷ்ணராஜின் கட்டியில் இருந்தவை.

பத்து மணிக்குத் தொடர்மாடியின் கதவு தட்டப்பட்டது. டொக்டரே பைறோஸாவோடு நேரில் வந்து நின்றார். டொக்டர் வீட்டுக்கு வருகிறதென்றால் செய்தி எப்படிப்பட்டது என்று கிருஷ்ணராஜுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு, "எத்தினை மாசம் டொக்டர்?" என்று கேட்டார்.

டொக்டர் திரும்பிக் குனிந்தார்.

யோகேஸ்வரியின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. நாலு பேரும் அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதாவது மூன்று பேர். டொக்டருக்குப் பார்க்க வசதி இல்லை.

"அது என்ர எல்லோ?" என்றார் கிருஷ்ணராஜ்.

"ஒங்கடதான். எனக்கி எப்பிடி வந்தண்டு செல்லுங்க. போத்தலக் கொண்டு போய்க் குடுத்தீங்களா?"

யோகேஸ்வரி சுவரோடு சரிந்து இருந்தாள். பஸ், பிக்கு, பை, மெழுகுதிரி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. மன்றாட்டின் கடைசி வசனத்தைச் சொன்னபோது டொக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார்.

"விஷயம் தெரிஞ்ச ஆளா!" என்றாள் பைறோஸா. "அப்ப அந்தோனியார்ல ஒரு பெழையும் இல்ல. நீங்க எங்கட ஊட்டு ஆம்புளட அட்ரஸ்தானே குடுத்தீக்கிறீங்க."

"நான் லாப்பைத்தான் நினைச்சனான் தங்கச்சி."

"லாப்ண்டு செல்லி ஈக்கோணும் தாத்தா" என்றாள் பைறோஸா. அவள் பாஷையில் தாத்தா என்றால் அக்கா.

கிருஷ்ணராஜ் மனைவியோடு கோபித்துக்கொள்ளப் பார்த்தார், ஆனால் நாலு நாள் நித்திரை இல்லாத மனிதனுக்குக் கோபம் பிடிக்கவில்லை. அவருக்கு ஒன்றுதான் தெரியவேண்டி இருந்தது: கட்டி நல்லதா, கெட்டதா? இப்போது டொக்டருக்கும் அதே கேள்வி இருந்தது, இன்னும் அவசரமாக. நோயாளிக்கு "ஒன்றும் இல்லை" என்று சொல்வது வேறு, தன் பிடரிக்குச் சொல்வது வேறு. திங்கட்கிழமை கூடப் படித்த ஒரு டொக்டரைக் கொண்டு அதை வெட்டுவித்தார். பைறோஸா போத்தலை இரண்டு கையாலும் பிடித்து, மடியில் வைத்து, காரில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனாள். வழியில் ஒரு இடத்திலும் எழும்பவில்லை.

லாப்பில் போத்தல் வாங்குகிற கிளெமென்ற் முப்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறவர். வியாழனன்று ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, "வெறும் கொழுப்பு, பயப்பிட ஒண்டும் இல்ல. ஆனா மிஸிஸ், டொக்டருக்கு நாப்பத்தினாலு வயசெண்டு எழுதியிருக்கு, கட்டிக்கு அம்பத்தெட்டு. பிழைய நாங்க எங்கட பக்கம் போட்டுக்கொள்றம்" என்றார். பைறோஸா காரை வெள்ளவத்தையில் நிறுத்திப் படியேறி வந்து ரிப்போர்ட்டைக் கிருஷ்ணராஜின் கையில் கொடுத்தாள். அவர் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, மடித்து அடுக்கியிருந்த சேட்டுகளில் மேலே இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். பயம் போய்விட்டது. நித்திரை மட்டும் திரும்பி வரவில்லை.

கட்டி திரும்பி வந்தது. அடுத்த செவ்வாய் காலை ஆறேகாலுக்கு, டொக்டரின் பிடரியில், ஊதா முட்டையோடு. அந்தோனியார் ஒருவரிடம் சேர்த்ததை மற்றவர் எடுத்து எறிய முடியாது என்று, கதையைக் கேட்ட கிளெமென்ற் விளக்கம் சொன்னார். இரண்டாம் தரம் வெட்ட டொக்டர் சம்மதிக்கவில்லை. நோயாளிகள் குறைவார்கள் என்று பயந்தார், கூடினார்கள். தன் கட்டியையே வெட்டாத டொக்டர், தேவையில்லாமல் எங்களை வெட்டமாட்டார் என்று சனம் கதைத்தது.

தையல் வெட்டுகிற நாளன்று, இனி ஒருவகையில் சொந்தக்காரர் என்பதால், டொக்டரும் பைறோஸாவும் வட்டிலப்பத்தோடு தொடர்மாடிக்கே வந்தார்கள். கிருஷ்ணராஜின் கண்கள் இரண்டு குழிகளாக இருந்தன. தையல் வெட்டி முடிந்து, டொக்டர் கதிரையில் இருந்து மருந்து எழுதக் குனிந்தார். பின்னால் தேத்தண்ணியோடு வந்த யோகேஸ்வரி அந்தக் கட்டியைக் கண்டாள். தட்டை வைத்தாள். அவளுடைய வலது பெருவிரல், அவளைக் கேட்காமல், நேரே போய் அதன்மேல் இருந்தது.

பைறோஸாவின் வாய் திறந்தபடி நின்றது. டொக்டர் எழுதிய பேனை பாதியில் நின்றது. யோகேஸ்வரிக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது, ஆனால் விரலை எடுக்க முடியவில்லை. அப்போதுதான் அறையின் மற்ற மூலையில் இருந்து அந்தச் சத்தம் கேட்டது.

கிருஷ்ணராஜ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு நித்திர வருதா?" என்று பைறோஸா புருஷனிடம் கேட்டாள்.

"எனக்கி ஒண்டும் வெளங்கல்ல. யாரோ சுவர்ல கை வச்ச மாதிரி ஈக்கி" என்றார் டொக்டர், மெதுவாக, கிருஷ்ணராஜ் எழும்பிவிடாமல்.

கிருஷ்ணராஜ் பதினாலு மணித்தியாலம் நித்திரை கொண்டார். அதன் பிறகு பேச்சே தேவைப்படவில்லை. டொக்டர் பின்னேரம் வேலை முடித்துத் தெஹிவளைக்குப் போகிற வழியில்தானே வெள்ளவத்தை இருக்கிறது. ஐந்தரைக்கு வருவார், பைறோஸாவும் கூட வருவாள், வராமல் விடமாட்டாள். ஒருதரம் யோகேஸ்வரியின் கைக்குக் கையுறை போட்டுப் பார்த்தார்கள். கிருஷ்ணராஜ் கண்ணை விழித்தபடி கிடந்தார். கடைசியில் பைறோஸா தன் கைலேஞ்சியை விரித்து, அதற்கு மேலால் வைக்கச் சொன்னாள். அது சரிவந்தது. பத்து நிமிடம் போதும். சேலைக் கடை முதலாளி ஐந்து மணிக்கே ஆளை விட்டுவிடுகிறார். அவரும் இந்தக் காரியத்தில் குறுக்கே நிற்க விரும்பவில்லை.

தொடர்மாடியின் கீழே காவலாளி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். வருகிறவர் பேர், போகிற வீடு, வந்த நேரம், வந்த காரணம். முதல் நாள் காரணத்தைக் கேட்டுவிட்டு, பேனையைப் பிடித்தபடி டொக்டரின் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு 'நித்திரை' என்று எழுதினார். இரண்டாம் நாளும் எழுதினார். மூன்றாம் நாளில் இருந்து அந்த இடத்தில் மேலே உள்ளபடி என்று இரண்டு கோடு மட்டும் போடுகிறார். இப்போது அது நாலாவது கொப்பி.