செத்தவீட்டு வெள்ளை

“அம்மா, இருங்கோ! இது எங்கட வீடு!”

கிருபானந்தன் இரண்டாவது தடவையாகச் சொல்லியும் சிவநேசம் உட்காரவில்லை. மகன் வாங்கிப்போட்ட சோபாவுக்குப் பக்கத்திலேயே கைகட்டி நின்றாள். சோபாவில் ஆனந்தராசா கால்மேல் கால் போட்டு இருந்தார். அவருடைய தகப்பன் முதல்நாள்தான் காலமாகியிருந்தார். முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. ஆனால் கால் மட்டும் தன் பெருமையை மறக்கவில்லை.

“நாளைக்கு மலர்ச்சாலையில அப்பாவைப் பார்வைக்கு வைக்கிறம், கிருபா. ஐயர் வாறார், எல்லாம் ஒழுங்கு. வெள்ளை கட்டத்தான் ஆள் இல்லை. ஊரில எங்கட வளவுக்கு உன்ர கொப்பன்தானே கட்டினவன். நீ வந்து பெட்டிக்கு மேல ஒருக்காக் கட்டிவிட்டாப் போதும்.”

கிருபானந்தனுக்கு உச்சி மண்டை கொதித்தது. ஊரில் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால், துணி வெளுக்கும் குடும்பத்து ஆண் தன் வீட்டிலிருந்தே வெளுத்த துணி கொண்டுபோய்ப் பிணத்துக்கு மேலே பந்தல்போல் கட்ட வேண்டும். வருகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. வா என்று சொல்லி அனுப்புவார்கள். போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிருபானந்தனின் தகப்பன் ஒருமுறை முதுகில் வாங்கி அறிந்தவர். அந்த வழக்கம் இப்போது கடல் தாண்டி, இந்த வெளிநாட்டு லாசால் நகர் வரை காரில் வந்து, சோபாவில் இருந்து கதைக்கிறது!

வந்தவர் சும்மா ஆளுமில்லை. தமிழ் மன்றத் தலைவர். போன ஞாயிறுதான், கல்லூரியில் வரலாறு படிப்பிக்கும் கிருபானந்தனை வலிந்து கூப்பிட்டுப் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசவைத்திருந்தார். பாண் விலை ஏறி ஏழைகளின் வயிறு காய்ந்தது, பிரபுக்கள் கட்டாத வரியைக் குடியானவன் சுமந்தது, ராசா கடனில் மூழ்கியது, கடைசியில் சனம் சிறைக்கோட்டையை உடைத்தது என்று அவன் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்து கைதட்டியவர் இவர்தான். பிறகு ஒரு பேரரசன் வந்தான், அவனுக்குப் பிறகு பழைய ராசாக்களே திரும்பி வந்தார்கள் என்றும் கிருபானந்தன் சொன்னான். “பிறப்பால வாற உரிமையைச் சட்டத்தில இருந்து ஒரு ராத்திரியில எடுத்துப்போட்டாங்கள். மனிசற்ற மனசில இருந்து எடுக்கிறதுதான் பெரும்பாடு” என்று அவன் முடித்ததும், ஆனந்தராசா பொன்னாடை போர்த்தி, “ஆசிரியர் அவர்களே, நீங்கள் எங்கள் கண்களைத் திறந்துவிட்டீர்கள்” என்று நன்றியுரை சொன்னார். அந்த ‘நீங்கள்’ ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

“அண்ணை, போன ஞாயிறு நான் என்ன பேசினனான்?”

“அருமையாப் பேசினாய், ஆர் இல்லையெண்டது? புரட்சி புரட்சியா இருக்கட்டும் தம்பி. சடங்கு சடங்கா நடக்கோணும்.”

“செத்தவீட்டுக்கு வருவன். வெள்ளை கட்ட வரமாட்டன்.”

ஆனந்தராசா அவனை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார். “சிவநேசம், நீயெண்டாலும் சொல்லு.”

“வருவான் ஐயா. நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

அவர் எழும்பிப் போனார். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி தொடாமல் ஆறிக் கிடந்தது.

“உங்களுக்கு வெக்கமா இல்லையோ அம்மா?” என்று கிருபானந்தன் கத்தினான்.

“செத்த மனிசனோட என்ன கோவம் மோனை?” என்றபடி அவள் அலுமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கிவிட்டாள். வகுப்பு வகுப்பாகச் சமத்துவம் படிப்பிக்கிறவனால், பெற்ற தாயை ஒரு சோபாவில் இருத்த முடியவில்லை. சீ, என்ன படிப்பு, என்ன படிப்பித்தல்! அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் மலர்ச்சாலையில் பெட்டியைச் சுற்றி நாலு கம்பம் நட்டு வைத்திருந்தார்கள். சிவநேசம் துணியைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். கிருபானந்தன் பூப்போட்டுக் கும்பிட்டான். பிறகு நேரே வந்து, உறவுக்காரருக்கு நடுவில் முன்வரிசையில் இருந்தான்.

ஆனந்தராசா கிட்ட வந்து பல்லைக் கடித்தார். “கிருபா, சனம் பாத்துக்கொண்டிருக்கு.”

அவன் எழுந்துபோய்த் துணியை விரித்தான். மண்டபமே அப்பாடா என்று மூச்சு விட்டது. அவன் ஒரு நுனியை ஆனந்தராசாவிடம் நீட்டினான்.

“உங்கட அப்பா. இதை நீங்கள் பிடியுங்கோ, மற்றதை நான் பிடிக்கிறன். ரெண்டு பேருமாக் கட்டுவம்.”

ஆனந்தராசா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தம்பியைப் பார்த்தார், தம்பி செருப்பைப் பார்த்தார். மருமக்கள் மூவரும் ஒரே நேரத்தில் கைபேசியை எடுத்தார்கள்.

“விசர்க் கதை கதையாதை. அது நாங்கள் தொடுற வேலையே?”

எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். சுவரோரம் நின்ற சிவநேசத்துக்கும் கேட்டது. அவள் மெல்ல நடந்து வந்து, மகனின் கையிலிருந்த துணியை வாங்கினாள். மடிப்புக் குலையாமல் மடித்தாள்.

“தொடாட்டி விடுங்கோ, ஆனந்தராசா.”

அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐயரின் கை மணியோடு அப்படியே நின்றுவிட்டது.

“ஊருக்கெல்லாம் வெள்ளை கட்டினவர் என்ர மனிசன். அவர் செத்தண்டைக்குக் கட்ட ஒருத்தர் வரேல்லை. இவனும் இங்க அகதியா நிண்டவன், வர ஏலாமப் போச்சு. அந்த மனிசன் வெறும் கூரைக்குக் கீழதான் கிடந்தது. இது என்ர வீட்டுத் துணி. நான் செத்தா என்ர பிள்ளை எனக்குக் கட்டுவான்.”

துணியைக் கைப்பைக்குள் வைத்தாள். பெட்டிக்கு மேலே நாலு கம்பமும் மொட்டையாக நின்றன. கிருபானந்தன் திரும்பிப்போய்த் தன் இடத்தில் இருந்தான். சிவநேசம் முன்வரிசைக்கு வந்து, ஆனந்தராசாவுக்கென்று விட்டிருந்த கதிரையில், மகனுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒருவரும் அவளை இருக்கச் சொல்லவில்லை.