முஅல்லிமுக்கு வந்த போன்

போன் அடித்தபோது வஹீப் பாட்டின் நடுவில் இருந்தான். நடுவில் என்றால், 'ஓ' என்ற ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியும் இறங்கியும் மூச்சு முட்டப் போகும் இடம். ஏசு சிலுவையில் மாண்ட பெரிய வெள்ளிக்கிழமைக்குக் கோயிலில் பாடும் பாட்டு. அந்த இடத்தில் சாவே வந்து கூப்பிட்டாலும் நிறுத்தக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். ஆனாலும் கை அங்கிப் பைக்குள் போய்விட்டது.

"அசியூத் கண் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். வஹீப்தானே? உங்களுக்குக் கருவிழி வந்திருக்கு. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வந்துருங்க. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"நாளைக்கேவா?"

"பின்ன? இது என்ன ஊறுகாயா, ஜாடியில போட்டு வைக்க?"

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"யோசிக்கிறீங்களா? ஏங்க, இதுக்காக எத்தனை பேர் தவம் கிடக்கிறாங்க தெரியுமா? இருட்டறதுக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்." போனை வைத்துவிட்டாள்.

"யாரு முஅல்லிம்?" என்றான் முன்வரிசையில் இருந்த ஷௌக்கி.

"ராங் நம்பர்" என்றான் வஹீப். கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு, அதுவும் நோன்புக் காலத்தில், பச்சைப் பொய்! அவனுக்கே உடம்பு கூசியது. விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தான். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அவன் குரல் மட்டும் சரியாக ஏறவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்புவரை வஹீப்புக்கும் கோயிலுக்கும் இருந்த சம்பந்தம் மதில் சுவரோடு சரி. பெண்டாட்டி தமியானா உள்ளே பூசையில் நிற்பாள். இவன் வெளியே மதிலில் சாய்ந்து சிகரெட் பிடிப்பான். நைலுக்குக் கிழக்கே இருக்கும் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து கல் ஏற்றிப்போகும் லாரி அவனுக்கும் அண்ணன் நஸீஹுக்கும் பொது. ஓட்டுவது இவன். ஒருநாள் விடியற்காலை வண்டி கிளம்பவில்லை. பேட்டரி மூடியைத் திறந்து குனிந்தான், அது அப்படியே முகத்தில் வெடித்தது. வலது கண் போயே போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். கருவிழி மாற்றினால் அதில் பார்வை வரும் என்று டாக்டர் சொன்னதால், ஆஸ்பத்திரியில் தமியானா பேர் எழுதி வைத்திருந்தாள்.

கோயிலில் பாட்டை நடத்தி, ஊராருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறவரை அங்கே முஅல்லிம் என்பார்கள். அந்த ஊரில் அது காலங்காலமாகக் கண் தெரியாதவர்களுக்கே உரிய இடம். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு வீடு கோதுமை கொடுத்துவிடுவார்கள். கண் உள்ளவனுக்கு அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. உனக்கென்ன, போய் உழைத்துச் சாப்பிடு என்பார்கள். ஆக, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த வாரமே பாதிரியார் அபூனா ஷாரோபிம் வந்து உட்கார்ந்துவிட்டார். "முஅல்லிம் இடம் காலியாத்தான் இருக்கு. நீ வந்துடு வஹீப்."

"கண்ணு போனவனெல்லாம் பாடணும்னு சட்டமா அபூனா? கோழி மாதிரிக் கத்துவேன் நான். உங்க ஆண்டவருக்கு என்னைக் கேலி பண்ண வேற வழியே கிடைக்கலையா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினான். அபூனா அசரவில்லை. டீயைக் குடித்து முடித்து, பாட்டுகளெல்லாம் பதிந்த ஒரு சின்னப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

பொழுது போகாமல்தான் கேட்க ஆரம்பித்தான். பிறகு பெட்டியை விடவே முடியவில்லை. அதற்கப்புறம் ஷௌக்கி வந்தான். குவாரியில் கல் அறுக்கும் வாளுக்கு இரண்டு விரலைக் கொடுத்தவன், நாற்பது வயது, எழுத்து தெரியாது, தப்பாகப் பாடிவிடுவோமோ என்று கோயிலில் வாயே திறக்காதவன். வரி வரியாக, மூச்சு மூச்சாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான் வஹீப். ஒரு சாயங்காலம் ஷௌக்கி யார் துணையும் இல்லாமல் ஒரு முழுப்பாட்டைப் பாடி முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதான். வஹீப்புக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை வருடம் லாரி ஓட்டியதில் ஒருநாள்கூட அவனுக்கு அப்படி ஆனதில்லை. இதற்குத்தான் பிறந்தேனா என்று அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அன்றிலிருந்து கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் ஒன்றையே சொன்னான்: "ஆண்டவர் கண்ணை எடுத்துக்கிட்டு இதைக் குடுத்தார்." பெண்கள் அவன் கையை முத்தமிட்டார்கள். அவனும் அதை நம்பினான். நம்பியதால்தான் உயிரோடு இருந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது எடுத்துக்கொண்டவர் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். அப்படியானால் கொடுத்ததை என்ன செய்வார்? அண்ணன் நஸீஹ் வாராவாரம் வந்து, "கண்ணு வந்த மறுநாளே சாவி உன் கையிலடா. நான் ஒருத்தனா எத்தனை நாள் மாரடிக்கிறது?" என்று புலம்பிக்கொண்டிருந்தான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. குவாரியில் கல் அறுப்பவர்கள் மதியத்தோடு திரும்பிவிடுவார்கள். லாரிக்காரன் திரும்ப ராத்திரி ஆகிவிடும். அப்புறம் வகுப்பாவது பாட்டாவது! ஆண்டவரே, எது உம்முடைய குரல், போனில் வந்ததா, இந்தப் பாட்டா? ஒன்றைத் தெளிவாகச் சொல்லித் தொலைத்தால் என்ன? மனசுக்குள் சண்டை போட்டபடியே அடுத்த வரியைச் சொல்லிக்கொடுத்தான். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது அவனுக்கும் தெரிந்தது. இருட்டட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று காத்திருந்தது. அது தன் மனம்தான் என்று புரிந்தபோது அவனுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் செருப்பு ஓடிவரும் சத்தம் கேட்டது. தமியானா.

"ஏங்க! ஏங்க, ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்குப் போன் வந்துச்சுங்க! கண்ணு வந்துடுச்சாம்!" சிரிப்பும் அழுகையுமாக மூச்சு வாங்கினாள். "அந்தப் பொண்ணு என்னமோ உளறுது. முதல்ல உங்களுக்குத்தான் போட்டாளாம், யோசிச்சுச் சொல்றேன்னீங்களாம். நல்லா திட்டிவிட்டேன். எங்க வீட்டு ஆளு அப்படிச் சொல்ற ஆளா, நீ வேற எவன்கிட்டயோ பேசியிருப்பேன்னு..."

பாட்டு நின்றிருந்தது. வஹீப் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்கதான் எடுத்தீங்களா?" என்றாள் தமியானா. குரலில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோயிருந்தது.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்தார்கள். ஷௌக்கி மட்டும் வாசலில் நின்று, "முஅல்லிம், நாளைக்கு வகுப்பு உண்டா?" என்றான். "தெரியலடா. போ" என்றான் வஹீப்.

கோயிலில் இருவர் மட்டும் இருந்தார்கள். அவள் அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், ரொட்டி மாவின் புளிப்பு வாசனை அடித்தது. வெயிலில் வைத்து உப்பவிடும் அந்த ரொட்டியைச் சுட்டு விற்றுத்தான் மூன்று வருடமாகக் குடித்தனத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு வந்தா நான் மறுபடியும் லாரிக்காரன் தமியானா."

"அதனால?"

"இங்க உட்கார்ந்தப்புறம்தான் நான் மனுஷனானேன். இது போயிடும். ஆண்டவர்தான் என்னை இங்க உட்கார வச்சார்."

"உட்கார வச்சவருக்கு எழுப்பத் தெரியாதா? எழுப்பினா வேற எங்கயாவது உட்கார வைக்கத் தெரியாதா? ஊருக்கெல்லாம் நம்பு நம்புன்னு பாடறீங்க, உங்களுக்குன்னு வந்தா மட்டும் கணக்குப் போடறீங்க!" என்றாள் தமியானா. "உங்க கண்ணுக்காக வேண்டிக்கிட்டு மாதா மலைக்கு நான் வெறுங்காலோட ஏறினது லாரிக்காரனுக்காகத்தாங்க. அப்ப முஅல்லிம்னு ஒருத்தன் இல்லவே இல்ல."

எத்தனையோ மைல், கல்லும் முள்ளுமான பாதை. அவள் கால் புண்ணாகித் திரும்பிய அன்று அவன் நன்றி சொல்லவில்லை, எதற்கு இந்தக் கூத்து என்று எரிந்து விழுந்தான்.

"பயமா இருக்கு" என்றான் கடைசியில்.

"உங்களுக்கு மட்டுமா?" தமியானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "கண்ணு வந்தா நீங்க என்னைப் பார்ப்பீங்க. நீங்க கடைசியாப் பார்த்த தமியானா இல்ல இது. மூணு வருஷம் அடுப்பு வாயிலேயே குந்தியிருக்கேன். ஒருநாள் ஜுவாலை அடிச்சு இந்தப் பக்கக் கன்னமே வெந்துபோச்சு. அன்னைக்கு நீங்க பாட்டுப் படிச்சிட்டு சந்தோஷமா வந்தீங்க, அதான் சொல்லல. வீட்டுல கண்ணாடியைத் திருப்பிப் போட்டு வச்சிருக்கேன். இருந்தும் தினமும் முட்டி போட்டு, அவருக்குக் கண்ணைக் குடு, கண்ணைக் குடுன்னுதானே கேட்டேன்? என்னை நீங்க பார்த்தப்புறம் என்ன ஆகுங்கிறதை ஆண்டவர்கிட்டயே விட்டுட்டேன்."

எந்தக் கன்னம் என்று கேட்க வஹீப்புக்கு வாய் வரவில்லை. மூன்று வருடமாக ஒரே பாயில் படுத்திருக்கிறான். ஷௌக்கியின் குரலில் ஒரு மூச்சு பிசகினால் கண்டுபிடித்துவிடுகிற காது அவனுக்கு. பெண்டாட்டி வெந்துபோனது தெரியவில்லை.

"போனைப் போட்டுக் குடு" என்றான்.

அவளே எண்ணை அழுத்தி அவன் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்களோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அதற்காகத்தான் அவன் காத்திருந்தான்.

"டிரைவர் வஹீப்தானே?" என்றது அந்தப் பெண்ணின் குரல். "என்ன முடிவு பண்ணினீங்க?"

ஆமாம், டிரைவர்தான், என்று சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "வர்றேன்மா. காலைல வந்துடறேன்."

போனை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினான். விரல்கள் அவள் தோளைத் தொட்டு, முக்காட்டைத் தொட்டு, முகத்துக்குப் போயின. தமியானா அந்தக் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள். "கண்ணாலயே பாருங்க."

கையை அவள் விடவில்லை, அவனும் இழுத்துக்கொள்ளவில்லை. அது அவள் முகத்துக்குச் சற்று முன்னால், அவள் மூச்சின் சூடு படுகிற தூரத்தில் நின்றது. ஜன்னல் பக்கம் இருட்டிவிட்டது.