நான்கு அங்குலம்

நெம்புகோலில் முழு எடையையும் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். மணல் நிரப்பி இரு முனைகளிலும் மரக்கட்டை அடித்த குழாய், அச்சைச் சுற்றி முனகியபடி வளைந்தது. மணல் இல்லாவிட்டால் வளைகிற இடத்தில் நசுங்கிவிடும். இன்னும் ஐந்து டிகிரிதான்.

ஷெட் வாசலில் அம்மா.

"அப்பா உன்னக் கேக்கறாரு. வாம்மா."

"ரெண்டே நிமிஷம்மா. இப்ப கைய விட்டா விரிஞ்சுக்கும்."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது."

அம்மா சற்று நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது.

அப்பாவுக்கு இன்றோ நாளையோ என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் விடிந்ததிலிருந்து இந்த வேலை. அப்பா ஆறு வருடமாகக் கட்டிவந்த ஸ்போர்ட்ஸ் காரின் சட்டத்தில் ஒன்றுதான் பாக்கி: கார் உருண்டால் ஓட்டுபவரின் தலையைக் காக்க, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவு. போன மாதம் அப்பாவே ஒன்று வளைத்தார். தன் உயரத்துக்கு அவரே போட்ட வரைபடத்தைவிட நான்கு அங்குலம் கூடுதல்.

"தப்பா அளந்துட்டீங்கப்பா."

"இருக்கட்டும்."

"எப்படி இருக்கட்டும்? காருக்குக் கொம்பு முளைச்ச மாதிரி நிக்குது."

அப்பா சிரித்தார். நோய் கணக்கையும் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சரியானதைப் பொருத்தி, ஜன்னல் வழியாக அவருக்குக் காட்டிவிட வேண்டும்.

கோணம் சரியாக வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள். அம்மா, குளிர்கிறவருக்குச் செய்வதுபோல, போர்வையை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்," என்றாள், திரும்பாமல்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. உட்கார்ந்தாள், எழுந்தாள். யாரும் கேட்காத தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுபடி ஷெட்டுக்கு வந்தாள். குழாயின் கட்டைகளைத் தட்டியெடுத்து மணலைக் கொட்டினாள். கைகள் சும்மா இருக்க மறுத்தன. வளைவைத் தூக்கிச் சட்டத்தில் செருகினாள். வரைபடத்தின் உயரம், ஒரு நூல் பிசகவில்லை.

சித்தப்பா வந்தார். "ஐஸ் பெட்டி வண்டி உள்ள வரணும். இது வழிய அடச்சிக்கிட்டு நிக்குது." சக்கரமும் இருக்கையும் பூட்டியிருந்த சட்டத்தைச் சுற்றி நடந்தார். "உங்கப்பன் ஒரு தடவையாவது இதுல ஒக்காந்தானா?"

"எங்க? முட்டிதான் மடங்கலையே. அளவு பாக்க என்னைத்தான் ஏத்தி விடுவாரு. 'ஏறுடி ஒட்டடைக்குச்சி'ன்னு..."



சித்தப்பா காரின் பின்பக்கம் போனார். "சரி, நீயே ஏறி ஸ்டியரிங்கப் புடி. நான் தள்றேன்."

ஏறி உட்கார்ந்தாள். பின்னந்தலை குழாயில் இடித்தது. கையைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். அவள் உச்சிக்குக் கீழேயே குழாய் முடிந்துவிட்டது.

"குனிஞ்சுக்க. வாசல் வரைக்கும்தானே."

"இருங்க சித்தப்பா."

இறங்கினாள். காலையில் வளைத்ததை உருவிச் சுவரோரம் வைத்தாள். மூலையில் சாய்ந்திருந்த, அப்பா வளைத்ததை எடுத்துச் செருகினாள். ஒரு தட்டுகூடத் தேவைப்படவில்லை. ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். கைக்கும் மேலே நின்றது குழாய்.

"தள்ளட்டுமா?"

சித்தப்பா தள்ளினார். சக்கரங்கள் கொட்டிக் கிடந்த மணலில் ஏறி இறங்கின. ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். மற்றக் கை தலைமேலேயே இருந்தது.