வலமிருந்து இடமாக

டி.என்.ஏ-யைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் ஒன்றுமே விழவில்லை. ஊதா வெளிச்சத்தில் ஓரத்து அளவுக்கோடுகள் மட்டும் ஏணிப்படிபோல ஒளிர்ந்தன. சுதாஜினி மாதிரி விட்ட ஆறு குழிகளுக்கும் கீழே இருட்டு. அந்த இருட்டில் ஒரேயொரு கோடு தெரிந்திருந்தால் போதும், அவள் தேடிய மரபணு அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

டவுன்டவுனில் இருக்கும் அந்த ஆய்வுகூடத்தில் ஆறு வருடமாகக் கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிறாள். மட்டக்களப்பில் வாங்கிய விலங்கியல் பட்டம் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலுள்ள வீட்டில், குளிர் அங்கிகளுக்கு அடியில் கிடக்கிறது. தொழில்நுட்ப உதவியாளர் வேலை காலியானபோது பேராசிரியை இசபெலிடம் தானே போய்க் கேட்டாள். ஒரு பரிசோதனையை முதலிலிருந்து கடைசிவரை தனியாகச் செய்து, வெள்ளிக்கிழமைக்குள் ஜெல்லில் கோடு விழுந்ததைக் காட்டு என்றார் இசபெல். இன்று திங்கள்.

மரபணுவைப் பிடிக்க இரண்டு பிரைமர்கள் வேண்டும். இருபது எழுத்து நீளமுள்ள சின்ன டி.என்.ஏ துண்டுகள், மரபணுவின் இரு முனைகளிலும் முனைக்கொன்றாகப் போய் ஒட்ட வேண்டும். அவற்றை வடிவமைக்கும் இணையப் பக்கத்தை ஆராய்ச்சி மாணவன் மதிசுதன்தான் காட்டினான். "வடை சுடுறதவிட லேசு அக்கா." உண்மைதான். மரபணுவின் எழுத்துகளைப் பெட்டியில் ஒட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், மேல் இழை, கீழ் இழை எழுத்துகளும் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு அம்புகளுமாகப் படம் வரும். பிழை விட்டால், எங்கே விட்டாய் என்று மரியாதையாகச் சொல்லும். இந்த நாட்டில் தன்னோடு இவ்வளவு பொறுமையாக நடந்துகொண்டது அந்தப் பக்கம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"பிரைமர் செய்யிற கொம்பனிக்காரர் பிழையாச் செய்து அனுப்பியிருப்பாங்கள்," என்றான் மதிசுதன். "இசபெலிட்ட அப்பிடியே சொல்லுங்கோ. இன்னொரு கிழமை அவகாசம் தருவா."

அவள் சதுர ரூள் கொப்பியை எடுத்தாள். திரையிலிருந்து நேரே ஓடர் படிவத்துக்கு மாற்ற அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை. படத்தைப் பார்த்து, மூன்று மூன்று எழுத்தாக வாய்க்குள் சொல்லி, கட்டத்துக்கு ஒன்றாக எழுதி, கொப்பியைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு கீழ் அம்பைப் பார்த்தாள். அதன் கூர் இடப்பக்கம். கீழ் இழையின் எழுத்துகள் வலது முனையில் தொடங்குகின்றன. அவளோ புத்தகம் வாசிப்பதுபோல இடமிருந்து எழுதியிருக்கிறாள். அப்படித் தலைகீழாக வந்த பிரைமர் மரபணுவில் ஒட்டாது. படத்துக்குக் கீழேயே, சரியான வரிசையில், இரண்டு பிரைமர்களின் பட்டியல் இருந்தது. அதை அவள் பார்க்கவேயில்லை.

"கொம்பனியில பிழையில்ல தம்பி. நான்தான் வாலில இருந்து வாசிச்சிருக்கிறன்."

மதிசுதன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஐயோ அக்கா! சரி, நீங்களாச் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

இசபெலின் அறைக்கு நடைபாதையில் போகும்போதே பிரெஞ்சு வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். பிழை என்னுடையது, கொம்பனியுடையது அல்ல. இசபெல் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாறாது என்றார். அன்று பத்தரைக்கு இன்னொருவர் அதே வேலைக்கு நேர்முகத்துக்கு வருகிறார்.

திரும்பி வந்து அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். கீழ் பிரைமரை இம்முறை வலமிருந்து இடமாகக் கொப்பியில் எழுதினாள். பட்டியலோடு பொருத்திப் பார்த்தாள். இருபதும் சரி. அதன் பிறகுதான் நகலெடுக்கும் பொத்தானை அழுத்தி, பட்டியலை ஓடர் படிவத்தில் ஒட்டி அனுப்பினாள்.

புதிய பிரைமர் குழாய்கள் வியாழன் மத்தியானம் வந்தன. வெள்ளி காலை பத்து மணிக்கு ஜெல்லில் நீலச் சாயம் எறும்பு வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கழுவவேண்டிய குடுவைகள் கூடையில் குவிந்திருந்தன. நடைபாதையில் இசபெலின் சப்பாத்துச் சத்தம், கூடவே பழக்கமில்லாத இன்னொரு சப்பாத்துச் சத்தம். சுதாஜினி ஜெல்லை இரண்டு கைகளாலும் தூக்கி ஊதா விளக்குப் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தாள். அறை விளக்கை அணைத்தாள். கையுறைக்குள் வியர்த்திருந்த விரல், ஊதா விளக்கின் ஆளியைத் தேடிப் போனது.