சவரியம்மாளின் கடைசிச் சொல்

1

இந்தக் கதையில் கற்பனையே இல்லை என்று தொடங்க ஆசைதான். பொய். பாதி நான் கேட்டது. மீதி, குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டே நானாகச் சேர்த்தது. எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே பிடிபடவில்லை.

கத்தோலிக்கக் குருமடத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு ஓடி வந்தவன் நான். கையோடு வந்தது கொஞ்சம் லத்தீன். தென்காசியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீசனுக்கு வருகிற பையன்கள் பச்சை குத்த 'இயேசுவே என் பலம்' என்பதை லத்தீனில் கேட்பார்கள். கல்யாணக் கார்டுக்கு ஒரு வரி கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். இந்த ஊரில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாத வேலை.

2

முதல் தொடக்கம்: 'மலையிலிருந்து சாரல் மெல்ல இறங்கி' (அடித்துவிட்டேன். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: எபனேசர் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து, குடையை மடக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

இது இருக்கட்டும். குடை நிஜம். சுரண்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டண்ட் சபை. அவர் மனைவி சவரியம்மாள் ஆர்.சி., என்னைப் போலக் கத்தோலிக்கம். முப்பத்தேழு வருடம் ஒரே வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு கோயில். போன வருடம் அந்த அம்மா இறந்து, பிறந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். வருஷ நினைவுக்குள் கல் வைக்க வேண்டும்.

"சாப்பிட உக்காந்தா ஜெபம் சொல்லுவோம் தம்பி. நான் 'கர்த்தாவே, எங்களோடு தங்கும்'பேன். அவ 'ஆண்டவரே, எங்களோடு தங்கும்'பா. சோறு ஆறிப்போவும். ரெண்டு பேரும் விட்டுக்குடுக்க மாட்டோம்."

(வெளியாளுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்தில் ஜெபத்தின் முதல் சொல்லைக் கேட்டாலே ஆள் எந்தக் கோயில் என்று சொல்லிவிடலாம். கர்த்தர் என்றால் அவர்கள், ஆண்டவர் என்றால் நாங்கள். கலப்புக் குடும்பத்துக் கல்யாணப் பந்தலில் அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல்கள் பிரிந்து, பிறகு சேரும்.)

கல்லில் அந்த வரிதான். எந்தச் சொல்லைப் போடுவது? இதில் அவருக்கும் மச்சினனுக்கும், அதாவது அந்த அம்மாவின் தம்பிக்கும், பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. அதனால் லத்தீன்.

எனக்கு ஒரே சந்தோஷம். லத்தீனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: தோமினே. மச்சினனுக்கு அது பழைய பூசை மொழி. எபனேசர் வீட்டாருக்குப் புரியவே புரியாது. எழுதி நீட்டினேன். ஒரு நிமிடம் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

3

அவர் தாளை வாங்கவில்லை.

"இதுல அவ சொன்னது இருக்கா தம்பி?"

"எல்லாம் வந்துட்டு அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரில கடைசியா கஞ்சி குடுக்கப் போறேன். அவதான் முதல்ல ஆரம்பிச்சா. 'கர்த்தாவே'ன்னு. என் வார்த்தைய. பதிலுக்கு அவ வார்த்தைய நான் சொல்லியிருக்கணும்லா? சொல்லாம கஞ்சிய ஆத்திக்கிட்டே இருந்துட்டேன். மறுநாளு போயிட்டா." குடைக்கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "மச்சினன்கிட்ட சொன்னா, 'அத்தான், கதை கட்டாதீங்க'ங்கான். வேற யாரும் கேக்கலையே. நீங்க எழுதுனது எல்லாருக்கும் பொது. அவ சொன்னது எனக்குச் சொன்னது."

நான் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் வெட்கமாக இருந்தது.

(இந்த இடத்தில் எபனேசரை நானும் சந்தேகித்தேன். காதில் விழ ஆசைப்பட்டதே அவர் காதில் விழுந்திருக்கலாம் அல்லவா? இந்த வரியை நீக்கப் பார்த்தேன், மனம் வரவில்லை.)

கடைசியில் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மதியம் தூங்கிப்போனேன். கனவில் ஐந்தருவிப் பாறையில் இரண்டு இலை போட்டிருந்தது. சோற்றின் ஆவியும் சாரலும் கலந்து எதிரில் யார் என்றே தெரியவில்லை. யாரும் முதல் சொல்லைச் சொல்லாமல் காத்திருந்தார்கள். சோறு ஆறவே இல்லை.

4

முடிவுகள்.

மச்சினன் மனம் மாறி, கல்லில் 'கர்த்தாவே' என்று (இல்லை. அவரை எனக்குத் தெரியும்.)

எபனேசர் தாளைக் கிழித்துச் சிற்றாற்றில் (சினிமா.)

நடந்தது இது. இலஞ்சியில் கல் வெட்டுகிற சொரிமுத்து, எழுத்து பிசகாமல் 'தோமினே' வெட்டியிருந்தார். நினைவு நாளன்று தூறல். மச்சினன் கல்லைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லோரும் ஜெபம் தொடங்கினோம். வழக்கம்போல அந்தப் பக்கம் கர்த்தாவே, இந்தப் பக்கம் ஆண்டவரே. எபனேசர் மட்டும் எல்லோரும் முடிக்கும்வரை சும்மா நின்றார். பிறகு கல்லிடம் குனிந்து, தனியாக, மெதுவாகச் சொன்னார்.

குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். அந்த முதல் சொல் எனக்குக் கேட்டது. ஆனால் நான் எந்தக் கோயில் என்று உங்களுக்குத் தெரியும். எழுதினால், கதை கட்டாதே என்பீர்கள். வேறு யாரும் கேட்கவில்லையே.

அதனால் இடம் மட்டும் விடுகிறேன்.

............, எங்களோடு தங்கும்.