பெரியவரின் ரேகை

டமார்!

அடுக்களை ஜன்னலின் கண்ணாடி நொறுங்கி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்குள் விழுந்தது. ஓரகத்திகள் இருவரும் ஒன்றாக வாசலுக்கு ஓடினார்கள். தெருக்கோடியில் சாயப்பட்டறையின் புகைபோக்கியைக் காணோம். அந்த இடத்தில் புகை மட்டும் நின்றது.

பாய்லர் அறையில் அந்த ஷிப்டுக்கு இரண்டே பேர். மூத்தவளின் கணவன், இளையவளின் கணவன். இருவரும் ஒரே அச்சான இரட்டைப் பிள்ளைகள்.

ஒருவன் அங்கேயே கருகிப் போனான். இன்னொருவன் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தான். போனது யார், கிடப்பது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முகம் முழுக்கக் கட்டு, தொண்டையில் குழாய், நினைவே இல்லை. மச்சம், தழும்பு எல்லாவற்றையும் தீ தின்றிருந்தது. வலது கை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

"காலை எடுத்தாகணும், இல்லன்னா உயிருக்கே ஆபத்து" என்றாள் நர்ஸ். "சம்சாரம் கையெழுத்துப் போடணும். உள்ளயும் ஒருத்தரைத்தான் விடுவோம். உங்கள்ல யாரு?"

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

"நானே ஒரு தடவை, என் வீட்டுக்காரர்னு நினைச்சு உங்க வீட்டுக்காரர் முதுகுல பளார்னு வச்சேனே, அக்கா" என்று இளையவள் அழுதாள்.

"வாங்கிக்கிட்டு வாயைத் திறக்காம வந்தாரு. தம்பியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். ஒருத்தன் அடியை ஒருத்தன் வாங்கற ஜென்மங்க."

இளையவள் மூக்கை உறிஞ்சினாள். "உள்ள இருக்கறது உங்க வீட்டுக்காரரா இருந்தாலும் சந்தோஷம்னு சொல்ல எனக்கு வாய் வரல அக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

"நீ சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்டி."

அப்போதுதான் போலீஸ் ரேகைப் பிரிவிலிருந்து ஒருவர் தோல் பெட்டியோடு வந்தார். ஒல்லியான மனிதர், ஓயாமல் பேசுபவர்.

"கவலைப்படாதீங்கம்மா. ஒரு காலத்துல கைதியோட உயரம், தலை, காது எல்லாத்தையும் அளந்து எழுதி வச்சாங்க. ஒரே அளவுல ரெண்டு பேர் வந்து நின்னா முழி பிதுங்கிடும். அப்புறம்தான் ரேகைக்கு வந்தாங்க. இரட்டையா இருந்தா என்ன? தாய் வயித்துக்குள்ளயே ரேகை வேற வேறயா விழுந்துடும். பெத்தவளை ஏமாத்தலாம், இந்த லென்ஸை ஏமாத்த முடியாது."

"ஒப்பிட்டுப் பாக்க அவங்க ரேகை உங்ககிட்ட ஏது?" என்று மூத்தவள் கேட்டாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் அடிதடி கேஸ்ல மூணு மாசம் உள்ள இருந்திருக்கார். அப்ப எடுத்த அட்டை எங்க ஆபீஸ்ல இருக்கு."

மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கிட்ட சொன்னதே இல்லையே அக்கா?"

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின கதை." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, வேற வழியே இல்லையா? பல்லு, கில்லு..."

"இதைவிடப் பக்கா வழி எதும்மா?" என்று சொல்லிக்கொண்டே அவர் மைத்தகட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்.

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். புது அச்சையும் பழைய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸுக்குக் கீழே கோடு கோடாக ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே போனார். வாய் ஓய்ந்துவிட்டது. இளையவளின் உதடுகள் 'பொருந்தக் கூடாது, பொருந்தக் கூடாது' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மூத்தவளின் உதடுகளும் அசைந்தன. அவள் கேட்டதும் அதேதான் என்று யாருக்கும் தெரியாது.

"பொருந்துதும்மா." அவர் நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்துச் சிரித்தார். "கட்டை விரல் சுழியிலிருந்து சுண்டு விரல் வரைக்கும் அப்படியே இருக்கு. உள்ள இருக்கறது பெரியவர்தான்."

இளையவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

நர்ஸ் ஓடிவந்து மூத்தவளுக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டாள். "சீக்கிரம்மா! கையெழுத்துப் போட்டுட்டு அவர் காதுல ஏதாவது பேசுங்க. தெரிஞ்ச குரல் கேட்டா உசுரு தாக்குப்பிடிக்கும்."

மூத்தவள் நடந்தாள். வார்டு கதவின் கண்ணாடி வழியே கட்டுக்குள் ஒரு நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அவள் வாயைத் திறக்காதவரை அது அவளுடைய கணவனின் நெஞ்சு. கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"என்னம்மா, போங்க!"

அவள் திரும்பி வந்தாள். அங்கியைக் கழற்றினாள். தரையில் கிடந்தவளைத் தூக்கி நிறுத்தி, அதை அவளுக்கு மாட்டிவிட்டு முடிச்சைப் போட்டாள்.

"போடி, போய் உன் புருஷன் காதுல பேசு... அன்னிக்கு மூணு மாசம் வேலைக்கு வரலன்னா அண்ணன் வேலை போயிடும்னு, என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி ஜெயிலுக்குப் போனது அவர்தான்."